லமூசா மரியாதை கத்துக்கிட்ட கதை

இப்ப நான் சொல்லப்போறது நூத்துக்கு நூறு நிஜம். என் தலையில அடிச்சு சத்தியம் பண்றேன். வேணும்னா நம்ம டயர்க்கடை கூகா தலையில அடிச்சும் பண்றேன். அது காலியாத்தான் இருக்கு, சத்தம் நல்லா வரும்.

சரி, முறைக்காதப்பா. கொஞ்சம் இழுத்துத்தான் சொல்லுவேன். அடுப்புல வெச்சா கறி சுருங்குது, என் வாயில வெச்சா கதை ஊதுது, நான் என்ன பண்ண? எங்க எங்க ஊதுதுன்னு நீங்களே பார்த்துக்குங்க. ஆனா வெக்கப்படுற இடம் வரும்போது ஒரு சொட்டுகூட கூட்டமாட்டேன். அந்த இடத்துல கூட்டுறதுக்கு ஒண்ணும் மிச்சம் வைக்கல அந்த ஆளு.

யாருன்னு கேக்குறீங்களா? நம்ம லமூசாதான். அதோ அடுப்புக்குப் பின்னாடி நிக்கிறான் பாருங்க. முகம் தெரியுதா? தெரியாது. இந்தக் கதையை எவனாவது ஆரம்பிச்சாப் போதும், அவன் முதுகுதான் தெரியும். போபோ டவுன்லயே அகலமான முதுகு அது. கல்யாணத்துல பந்தல் போதலைன்னா அவனை நிக்கவெச்சு அந்த நிழல்ல பாதி பேருக்கு சோறு போட்டிருக்காங்க.

அவன் பொறந்தப்ப அழுத சத்தத்துக்கு கானா எல்லை வரைக்கும் கழுதையெல்லாம் பதில் சொல்லிச்சாம். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாங்க. வாத்தியாரைச் சிரிக்கவெச்சான்னு வெளிய நிக்கவெச்சாங்க. வெளிய நின்னுக்கிட்டு தெருவையே சிரிக்கவெச்சான். கடைசியில அவங்கப்பா இழுத்துட்டு வந்து பன்னி சுடுற அடுப்பு முன்னாடி உக்காரவெச்சாரு. மண் அடுப்பு, மேல தகரம், உள்ள கறி. அன்னைலருந்து இன்னைவரைக்கும் அதான் தொழில். மத்தியானம் அவன் தகரத்தைத் தூக்கினா வர்ற வாசனைக்கு, நம்ம சினிபுகு பேட்டையில நிக்காம போற ரயிலுகூட கொஞ்சம் தயங்கித்தான் போகும். பொண்டாட்டி மார்செலின், அதோ சோளக்கள்ளு, நம்ம தோலோ, ஊத்திக்கிட்டிருக்கிற மகராசி. அவகிட்ட ஒரு குடுக்கை தோலோ குடிக்க வந்தவன், கடன் தீர்க்க வழியில்லாம கட்டிக்கிட்டான்.

"நான்தான் அவரைக் கட்டிக்கிட்டேன்," அப்படீங்கிறா மார்செலின். சரி தாயீ, நீதான் கட்டிக்கிட்ட. கதையைச் சொல்லவிடு.

அப்பல்லாம் நம்ம பேட்டையில பஞ்சாலைக்கு வேலைக்கு வந்த போபோ இனத்துக்காரங்கதான் இருந்தாங்க. அப்புறம் மோசிக்காரங்க கடை போட வந்தாங்க, இந்த கூகா மாதிரி. அவங்களைக் கேலி பண்ண ஆள் வேணுமேன்னு சமோ இனத்துக்காரங்க நாங்க வந்தோம். நான் கூகாவை என்ன வேணா சொல்லலாம், அவன் கோபப்படக்கூடாது. அவனும் என்னைச் சொல்லலாம், ஆனா அவனுக்குச் சொல்லத் தெரியாது. மோசிக்கும் சமோவுக்கும் அப்படியொரு கேலிமுறை. பாட்டன் பூட்டன் காலத்துல எவனோ போட்டுவெச்ச முறை. போபோவுக்கும் மாடு மேய்க்கிற ஃபுலானிக்கும் அதே முறைதான். பார்த்த இடத்துல திட்டணும், தட்டுல இருக்கிறதைப் பிடுங்கித் திங்கணும், "நீ என் அடிமைடா, உன்னை ஒரு தவளைக்கு வாங்கினேன்"னு கத்தணும். கேக்குறவன் சிரிக்கணும். கோபப்பட்டா அவனுக்குத்தான் அபராதம்.

அப்பதான் வடக்கேருந்து ஜனங்க வந்து இறங்கினாங்க. சண்டை துரத்தி வந்தவங்க. பாயி, தகரம், துணிமூட்டை, செருப்பில்லாத புள்ளைங்க. மைதானத்து ஓரமா குடிசை போட்டாங்க. பாதிக்கு மேல ஃபுலானிக்காரங்க, பன்னியும் கள்ளும் தொடாத முஸ்லிம் ஜனங்க. ஒண்ணு ரெண்டு பசு தவிர மாட்டையெல்லாம் எங்கயோ விட்டுட்டு, கையில குச்சியை மட்டும் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க.

குழாய் ஒண்ணு. வாளி லட்சம். நம்ம பொம்பளைங்களுக்கும் அவங்க பொம்பளைங்களுக்கும் விடிஞ்சா சண்டை. ஒரே நாள்ல கிழிஞ்ச தலைத்துணியை எல்லாம் சேர்த்து முடிச்சுப் போட்டா பக்கத்து நாட்டு அபிஜான் வரைக்கும் கொடி கட்டித் துணி காயப்போடலாம். ஆம்பளைங்க அதைவிட மோசம், பேசவே மாட்டோம். அவங்க போனா நாங்க இந்தப் பக்கம் பார்ப்போம். நாட்டுல அப்ப ஃபுலானின்னாலே சண்டைக்காரங்க ஆளோன்னு சந்தேகப்பட்டு ஜனங்க குரலைத் தாழ்த்திக்கிட்டுப் பேசுற காலம்.

அப்படி ஒரு நாள், ஒரு கிழவன் இந்த அடுப்பு பக்கமா வந்தான். கூம்பு மாதிரி வைக்கோல் தொப்பி, உச்சியில தோல் தைச்சது. தோள் மேல குறுக்கே குச்சி, இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து நடை. யேரோ பாரின்னு பேரு. வழியில இருந்தவங்க எல்லாம் ஒதுங்கினாங்க. நம்ம லமூசா ஒதுங்கினானா? தகரத்தைக் கீழ போட்டான். இடி விழுந்த மாதிரி சத்தம்.

"டேய் என் அடிமைப் பயலே! எங்கடா போய்த் தொலைஞ்ச இத்தனை வருஷம்? உன்னை வாங்க எங்க தாத்தன் குடுத்த தவளை வீணாப்போச்சுடா, காசைத் திருப்பிக் குடு!"

 மைதானத்துப் பக்கம் ஒருத்தி புள்ளையை இழுத்து அணைச்சுக்கிட்டா. அடிதடிதான்னு எல்லாரும் நெனச்சாங்க.

கிழவன் மெதுவா குச்சியை இறக்கினான். நொண்டிக்கிட்டே கிட்ட வந்தான். அடுப்புக்குள்ள எட்டிப் பார்த்தான், மூக்கைப் பொத்திக்கிட்டான்.

"உன்னைத் தேடித்தான்டா இவ்வளவு தூரம் நடந்தே வந்தேன்," அப்படீன்னான். "எங்க மந்தையில ஒரு கழுதை காணாமப் போச்சு. குரலைக் கேட்டதும் கண்டுபிடிச்சுட்டேன். வாடா வீட்டுக்கு."

சொல்லிட்டு லமூசா காதைப் பிடிச்சு இழுத்தான் பாருங்க! மைதானத்துலருந்து சிரிப்பு வந்துச்சு. வந்து இறங்கினதுலருந்து அந்தப் பக்கமிருந்து நாங்க கேட்ட மொத சிரிப்பு அதான்.

அதுக்கப்புறம் தினமும் காலையில குழாயடியில இவங்க ரெண்டு பேருக்கும் கச்சேரி. "உன் பசுமாடு தண்ணியே குடிக்காதா, பால்ல மட்டும் எப்படி இவ்ளோ தண்ணி?" "நீ குடிச்சது போக மிச்சம்டா!" வாளிச் சண்டை போட வந்த பொம்பளைங்க சண்டையை மறந்துட்டு கேக்க நின்னாங்க. யேரோ பொண்டாட்டி தக்கோ ஒல்லியா, நெடுநெடுன்னு, வாயைத் தொறந்தா கத்தி. அவளும் சேர்ந்துக்கிட்டா. லமூசாவைப் பார்த்தாலே, "டேய் போபோ, எங்க வீட்டு நாய்க்கு உடம்பு சரியில்ல, இன்னைக்கு நீ வந்து குரைக்கிறியா?"ன்னுவா.

இதைப் பார்க்கத்தான் ஓடெட் அம்மா வந்தாங்க. தலைநகரத்துக்காரங்க, நாடகம் போடுற சங்கம் ஒண்ணு வெச்சிருந்தாங்க. பேட்டை பேட்டையா போய், சேராத ஜனங்களை நாடகத்துல சேர்த்துவைக்கிறதுதான் வேலை. குழாயடியில நின்னு பார்த்துட்டு, "இங்க நான் எதையும் ஆரம்பிக்க வேணாம், ஏற்கனவே நடந்துக்கிட்டிருக்கு. பெஞ்சு மட்டும் போடுறேன்"னாங்க. போட்டாங்க. வியாழக்கிழமை வியாழக்கிழமை இதே மாமரத்தடியில நாடகம்.

மொத நாடகம் ஞாபகம் இருக்கா? போபோக்காரன் ஃபுலானியா வரணும், ஃபுலானிக்காரன் போபோவா வரணும். லமூசா தோள் மேல குச்சியைப் போட்டுக்கிட்டு, வாளிக்குக் கயிறு கட்டி மாடு மாதிரி இழுத்துட்டு வந்தான். "வா செல்லம்... சீ, என்ன பேரு வைக்கிறது உனக்கு... வா தங்கம், வரிசையில நில்லு, அழாத, இந்தப் பேட்டைக்காரங்க நல்லவங்கதான், கொஞ்சம் முட்டுவாங்க." யேரோ வாழ்க்கையில ஒரு சொட்டு தோலோ தொடாத மனுஷன். தொப்பையில துணியைக் கட்டிக்கிட்டு, குடிகார போபோவா குழாய்க்குக் கீழ வாயைத் தொறந்துக்கிட்டுப் படுத்தான். தண்ணி வந்ததும் துப்பிட்டு, "மார்செலின்! தோலோ இன்னைக்கு ரொம்ப லேசா இருக்கே!"

சிரிச்சதுல கூகாவுக்குப் பல்லே விழுந்துருச்சு. சத்தியமா. பல்லைத் தேடுறதுக்கு வடக்கத்தி புள்ளைங்க பத்துப் பேரு தரையில தவழ்ந்தாங்க. அதுலருந்து அவன் கடையில அந்தப் புள்ளைங்களுக்கு டயர் உருட்ட இலவசம். குழாயடியில வரிசை தானா வந்துச்சு. எங்க மரக்கட்டை பலாஃபோனும் அவங்க புல்லாங்குழலும் ஒரே பாட்டுக்கு வாசிச்சுதுங்க. நம்ம கல்யாணத்துக்கு அவங்க வந்தாங்க, அவங்க பேர் வைக்கிற விழாவுக்கு நாம போனோம்.

இங்கதான் கெட்டுச்சு.

டவுன்ல பெரிய ஹால்ல ஆடக் கூப்பிட்டாங்க. ஓடெட் அம்மா லமூசாவைத் தனியா கூப்பிட்டு, "அங்க வெளியூர்க்காரங்க, வெளிநாட்டுக்காரங்க வருவாங்க. இந்தக் காலத்துல மேடையில நின்னு ஒரு ஃபுலானியை அடிமைன்னு கத்தினா, விளையாட்டுன்னு அவங்களுக்கு எப்படிப் புரியும்? அந்த மேடையில மட்டும் கொஞ்சம் மரியாதையா பேசுங்க"ன்னு சொன்னாங்க. சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. அதோட ஒரு வெள்ளைச் சட்டையும், கழுத்துல மாட்டுற அட்டையும் குடுத்தாங்க. அட்டையில அவன் போட்டோ. கீழ 'பொறுப்பாளர்'னு எழுத்து.

நம்மாளு அந்த அட்டையைப் போட்டுக்கிட்டுத் தூங்கினான். குளிச்சான். பன்னி அறுத்தான். பன்னிக்கே ஒரு மரியாதை வந்து, தானா படுத்துருச்சுன்னு சொல்றாங்க. மேடைக்குச் சொன்ன மரியாதையை இந்த ஆளு வீட்டுக்குக் கொண்டுவந்துட்டான், அங்கருந்து தெருவுக்குக் கொண்டுவந்துட்டான். கழுத்துல அட்டை தொங்குறவன் குழாயடியில கத்தலாமான்னு நெனப்பு.

மறுநாள் காலையில யேரோ வழக்கம்போல, "எங்கடா என் கழுதை?"ன்னு வந்தான்.

லமூசா கையைத் துடைச்சுக்கிட்டு, "வணக்கம் பெரியவரே. ராத்திரி நல்லா தூங்கினீங்களா?"ன்னான்.

யேரோ திரும்பி பின்னாடி பார்த்தான், வேற யாராவது நிக்கிறாங்களான்னு. "யாரைடா கூப்பிடுற? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன் பெரியவரே. உங்க ஆசீர்வாதம்."

கிழவன் விட்டுட்டுப் போயிட்டான். அப்புறம் மார்செலின்கிட்ட வந்து கேட்டிருக்கான், "உன் புருஷனுக்கு எம்மேல என்ன கோபம்? நான் ஏதாவது தப்பா நடந்துக்கிட்டேனா?"ன்னு. அவ வந்து சொன்னா. இவன் என்ன சொன்னான் தெரியுமா? "கோபமா? இது மரியாதை! உனக்கென்ன தெரியும், அட்டை இல்லாதவ."

கடைசியா ஒரு நாள் யேரோ இந்த அடுப்பு முன்னாடி வந்து நின்னு, அவனுக்குத் தெரிஞ்ச திட்டு எல்லாத்தையும் திட்டினான். லமூசா பாட்டன், அவன் பாட்டன், அடுப்பு, பன்னி, பன்னியோட பாட்டன், ஒண்ணு விடாம. அப்படியொரு திட்டை நான் கேட்டதே இல்ல, எழுதிவெச்சிருந்தா வேதம். திட்டிட்டு மூச்சு வாங்க நின்னுக்கிட்டே இருந்தான், பதில் வரும்னு.

லமூசா அட்டையை நேரா வெச்சுக்கிட்டுச் சிரிச்சான். "நன்றி பெரியவரே"ன்னான்.

யேரோ இன்னும் கொஞ்சம் நின்னான். அப்புறம் குச்சியைத் தோள் மேல போட்டுக்கிட்டு, காலை இழுத்துக்கிட்டுப் போயிட்டான். அவங்க ரெண்டு பேரும் பேசினது அதான் கடைசி. அப்பவே காய்ச்சல் இருந்திருக்கு அந்த ஆளுக்கு. ஒரு வாரத்துல போயிட்டான்.

நம்ம ஊர்ல கேலிமுறைக்காரன் சாவுக்கு வந்தா என்ன பண்ணுவான்? அழுவானா? செத்தவன் தொப்பியைப் போட்டுக்குவான், அவனை மாதிரியே நடப்பான், அவனை மாதிரியே இருமுவான். குழியில குதிச்சு மல்லாக்கப் படுத்துக்கிட்டு, "இவன் என் அடிமை, என்னைக் கேக்காம எப்படிடா புதைப்பீங்க, காசை வைங்கடா"ன்னு அடம்பிடிப்பான். அழுதுக்கிட்டிருக்கிற வீடு தாங்கமுடியாம சிரிச்சுரும். அது நடந்தாத்தான் செத்தவனுக்கு இந்த மண்ணுல சொந்தம்னு ஒருத்தன் இருந்தான்னு அர்த்தம்.

தக்கோ தயாரா இருந்தா. யேரோ தொப்பியைக் குச்சி மேல மாட்டி, வாசல் ஓரத்துல சாய்ச்சு வெச்சிருந்தா. லமூசா வந்ததும் எடுத்துப் போட்டுக்கட்டும்னு.

வந்தான். சோப்பு போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் குளிச்சுட்டு வந்தான், உடம்புல பன்னி வாசனையே இல்ல. எங்களுக்கே அடையாளம் தெரியல. வெள்ளைச் சட்டை, கழுத்துல அட்டை, கையில ஒரு பொட்டலம் சர்க்கரை. தலையைக் குனிஞ்சுக்கிட்டு, அடக்கமா, பாதிரியார் மாதிரி நடந்து வந்தான். அந்த நேரம் காத்து அடிச்சு, தொப்பி கீழ விழுந்துச்சு. எல்லாரும் பார்த்தோம். இவன் குனிஞ்சு எடுத்தான். இதோ, போட்டுக்கப்போறான்னு தக்கோ முகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு.

தூசியைத் தட்டினான். பத்திரமா குச்சி மேலயே மாட்டிவெச்சான். மாட்டிட்டுத் தக்கோ முன்னாடி நின்னு, "உங்க துக்கத்துல நாங்களும் பங்கெடுத்துக்குறோம் அம்மா. ஆண்டவன் உங்களுக்கு ஆறுதல் தரட்டும்"ன்னான்.

தக்கோ அவனை உச்சியிலருந்து கால் வரைக்கும் பார்த்தா. பக்கத்துல இருந்தவகிட்ட, "யாரு இவரு?"ன்னா.

"லமூசா."

"எந்த லமூசா? எங்க போபோவா? அவன் இப்படி வரமாட்டானே." சொல்லிட்டு அவளே எந்திரிச்சு வந்து தொப்பியை எடுத்தா, உள்ள கொண்டுபோய் வெச்சா.

குழி கிட்டயும் அதே கதைதான். பெரியவங்க பிரார்த்தனை முடிச்சும் மண்ணு தள்ளாம நின்னாங்க. எல்லாரும் லமூசாவைப் பார்த்தாங்க. குழி ஓரத்துல ஒரு ஆள் குதிக்கிற அளவுக்கு இடம்கூட விட்டு ஒதுங்கி நின்னாங்க. இவன் கையைக் கட்டிக்கிட்டு பின்னாடியே நின்னான். எல்லாரும் தன் வெள்ளைச் சட்டையைப் பார்க்குறாங்கன்னு நெனச்சானாம்! கொஞ்ச நேரம் பார்த்துட்டு ஒரு கிழவர் பெருமூச்சு விட்டு, தள்ளுங்கன்னாரு. ஊரை விட்டு ஓடிவந்த மனுஷன். இந்த மண்ணுல அவனுக்குன்னு உரிமையா கலாட்டா பண்ண இருந்தவன் ஒரே ஒருத்தன். அந்த ஒருத்தனும் வெளியாள் மாதிரி கையைக் கட்டிக்கிட்டு நிக்க, யேரோவை வெளியூர்க்காரனாவே புதைச்சாங்க.

வீட்டுக்கு வந்தான். மார்செலின் பானை கழுவிக்கிட்டிருந்தா.

"குழியில படுத்தியா?"

"இல்ல."

"தொப்பியாவது போட்டியா?"

"தூசி தட்டி வெச்சேன்."

மார்செலின் பானையைக் கீழ வெச்சா. "அப்புறம் எதுக்குய்யா போன நீ?"

அப்பதான் உறைச்சுது. வாசல்ல தொப்பி ஏன் இருந்துச்சு, குழிகிட்ட ஏன் அவனைப் பார்த்தாங்க, அந்தக் கிழவன் அன்னைக்கு அடுப்பு முன்னாடி எதுக்கு அவ்ளோ நேரம் நின்னான், எல்லாம் ஒரே நேரத்துல உறைச்சுது. நின்ன இடத்துலயே உக்காந்துட்டான். அன்னைக்கு உள்ள வெச்ச கறி கரியாப் போச்சு. வாசனை பிடிச்சு வந்த நாய்ங்ககூட திரும்பிப் போயிருச்சு. அந்த அட்டையை அடுப்புல போட்டான். அதுவாவது நல்லா வெந்துச்சு.

அப்புறம் பேட்டையில ஒரு வியாதி வந்துச்சு பாருங்க. மரியாதை வியாதி. குழாயடியில "நீங்க பிடிங்க", "ஐயோ நீங்க மொதல்ல பிடிங்க". ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கல. வாளியெல்லாம் அடக்கமா நிக்குது, தண்ணி பாட்டுக்கு வீணா ஓடுது. தலைத்துணி கிழிஞ்ச காலமே தேவலாம்னு ஆயிருச்சு. வியாழக்கிழமை வடக்கத்தி ஜனங்க உக்கார்ற பக்கம் பெஞ்சு காலி. டவுன் ஹால் நாடகம் நடக்கவே இல்ல. எதிர்ல ஃபுலானி இல்லாம போபோ யாரைத் திட்டுவான், சுவத்தையா?

ஓடெட் அம்மா வந்து, "நான் அந்த மேடைக்கு மட்டும்தானே சொன்னேன் லமூசா?"ன்னு பாவமா கேட்டாங்க.

"மேடைக்குத்தான் சொன்னீங்க மேடம். நான்தான் சாவு வீட்டுக்குக் கொண்டுபோயிட்டேன்," அப்படீன்னான். அந்தம்மா மேல ஒரு வார்த்தை பழி போடல. அதைச் சொல்லணும்.

மன்னிப்பு கேக்கப் போனான். தக்கோ பாய் விரிச்சா. நல்ல டம்ளர்ல தண்ணி குடுத்தா. "உக்காருங்க. வீட்டுல எல்லாரும் சௌக்கியமா? வியாபாரம் எப்படிப் போகுது?" அவ வாயிலருந்து 'ங்க' வருது, ஒவ்வொரு 'ங்க'வும் இவனுக்கு ஊசி.

"என்னை மன்னிச்சிருங்க," அப்படீன்னான்.

"நீங்க என்ன தப்பு பண்ணீங்க? வந்தீங்க, துக்கம் கேட்டீங்க, சர்க்கரை குடுத்தீங்க. வெளியாளுங்க எல்லாரும் அதைத்தானே பண்ணாங்க. குடிங்க, தண்ணி ஆறிடும்."

தண்ணி ஆறிடுமாம்! அதைக் குடிச்சான் பாருங்க, எங்கப்பா குடிச்ச கசப்பு மருந்துகூட அவ்ளோ மெதுவா இறங்கல.

அப்புறம் சேதி வந்துச்சு. நாப்பதாம் நாள் பிரார்த்தனை முடிஞ்சதும் தக்கோ புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு பன்ஃபோராவுக்கு, தம்பி வீட்டுக்குப் போறாளாம். அவ போனா அந்த வரிசைக் குடிசையே பின்னாடி போகும்னு பேச்சு. லமூசா சோறு திங்கல. அந்த முதுகு இருக்கே, அது பாதியாப் போச்சு. நிழல்ல மூணு பேருதான் உக்காரலாம்.

மார்செலின்தான் கத்தினா: "மன்னிப்பு கேக்குறதை நிறுத்துய்யா! அவகிட்டப் போய் எதையாவது திருடு! அவ சோத்துல கையை வை! பயந்து பயந்து நின்னா அவ எப்படிய்யா உன்னை அடிப்பா?"

நாப்பதாம் நாள். மைதானத்துல பாய் விரிச்சு, பெரியவங்க ஜெபமாலை உருட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. தக்கோ மூட்டையெல்லாம் கட்டி வாசல்ல வெச்சிருக்கா. அப்ப வந்தான் லமூசா. தொப்பி கிடையாதே, தலையில ஒரு பாதி குடுக்கையைக் கவுத்திருந்தான். தோள் மேல அடுப்பு கிளறுற கம்பி. ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்தான்.

"நாப்பது நாளா செத்துக்கிடக்குறேன்!"னு கத்தினான். கத்தணும்னுதான் நெனச்சான். பூனைக்குட்டி சத்தம்தான் வந்துச்சு. "ஒருத்தியாவது... பால் கொண்டாந்தீங்களா..."

யாரும் சிரிக்கல. ஒரு புள்ளைகூட சிரிக்கல. ஜெபமாலை மணி உருள்ற சத்தம் மட்டும்.

இருமிப் பார்த்தான். தவளைக் கதையைச் சொல்லிப் பார்த்தான். பாதியில வார்த்தை மறந்துட்டான். சொன்னதையே திருப்பிச் சொன்னான். நான் அங்கதான் இருந்தேன். என் காலு ரெண்டும் ஓடிப்போகணும்னு துடிச்சுது, பார்க்கச் சகிக்கல. பொழைச்சு வந்திருந்தா யேரோவே அவனை மேடையிலருந்து இறக்கிவிட்டிருப்பான். கடைசியில சொல்ல ஒண்ணும் இல்லாம, நேரா போய் வாசல்ல மூட்டை மேல குப்புறப் படுத்துட்டான். "எந்திரிக்க மாட்டேன். காசு வைங்க." அதைச் சொல்லும்போதே அழுதுட்டான். கேலிமுறைக்காரன் அழக்கூடாது. அதுலயும் தோத்தான்.

 தக்கோ தயிர்க் குடுக்கையோட வந்து அவன் தலைமாட்டுல நின்னா.

"டேய்."

அந்த ஒரு 'டேய்'க்கு எனக்கு ரோமம் நின்னுச்சு.

"என் புருஷனுக்கு இடது காலு நொண்டி. நீ வலது காலை இழுத்துக்கிட்டு வர்ற. மண்ணுக்குள்ள போய் காலை மாத்திக்கிட்டானா?"

பெரியவங்க பக்கத்துலருந்து ஒரு மூக்குச் சிரிப்பு வந்துச்சு. தக்கோ குடுக்கையோட அந்தத் தயிரை அவன் முதுகுல கவுத்தா. "எந்திரிடா. என் மூட்டையில பன்னி எண்ணெய் பட்டா ஏழு தலைமுறைக்குப் போகாது."

"காசு வை."

"அன்னைக்கு வந்திருந்தா வெச்சிருப்பேன்டா."

அவ்ளோதான் சொன்னா. மூட்டையெல்லாம் தயிராயிருச்சு, அவுத்துத் துவைக்கணும், காய்ஞ்சதும் கிளம்புறேன்னு சொன்னா. துவைச்சா. காயப்போட்டா. ரெண்டு மழைக்காலம் போயிருச்சு, யாராவது கேட்டா இன்னும் காயலங்கிறா.

இப்பவும் வியாழக்கிழமை ஆனா நம்மாளு யேரோவா வர்றான். சரியான காலைத்தான் இழுக்குறான். எல்லாரும் உருண்டு சிரிக்கிறீங்க. ஆனா தலையில என்ன இருக்கு? அதே பாதிக் குடுக்கை. தொப்பி தக்கோ வீட்டுக்குள்ளயே தொங்குது, அவ எடுத்துத் தரவே இல்ல. அதனாலதான் ஆடி முடிச்சதும் அடுப்புக்குப் பின்னாடி போய் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறான். கதை அவ்ளோதான்.

"என்ன அவ்ளோதான்?" கூகா எந்திரிச்சுட்டான். "ரெண்டு வருஷமா அந்த ஆளு தலையில குடுக்கையைக் கவுத்துக்கிட்டு ஆடுறான். இதுக்கு மேல என்ன பண்ணணும்? தொப்பியைக் குடுத்துட வேண்டியதுதானே!"

"எதுக்குக் குடுக்கணும்?" மார்செலின் கரண்டியைத் தூக்கிட்டா. "வாசல்ல வெச்சப்ப தூசி தட்டி மாட்டிட்டு வந்தவர்தானே? கிடக்கட்டும் குடுக்கையோட!"

"உன் புருஷன்மா அவரு!"

"அதனாலதான் சொல்றேன், நீ டயரைப் பாரு!"

அடுப்புக்குப் பின்னாடியிருந்து அந்த முதுகு திரும்புச்சு. "யோவ், விடுங்கய்யா. தொப்பி வேணும்னு நான் யாரையாவது கேட்டேனா? எனக்கு அதைக் கேக்குற யோக்கியதை இல்ல."

மாமரத்துக்கு அந்தப் பக்கம், தயிர் வித்துக்கிட்டிருந்த தக்கோ குடுக்கையை டொக்குன்னு கீழ வெச்சா.

"அதான்டா உன்கிட்ட கோளாறு! இத்தனை வியாழக்கிழமையில ஒரு நாள் கேட்டியா? பிடுங்க வந்தியா? ராத்திரி கூரையைப் பிரிச்சுத் திருட வந்தியா? இன்னும் கையைக் கட்டிக்கிட்டுத்தான் நிக்கிற, வெள்ளைச் சட்டைக்காரா!"

"கேட்டா குடுத்திருப்பியா?"

"செருப்பால அடிச்சிருப்பேன்!"

"அப்புறம் எதுக்குடி கேக்கணும்?"

"கேளுடா மொதல்ல!"

"நான் கேக்க மாட்டேன், நேரா உன் வீட்டுக்கே போறேன்..."

"போடா பார்க்கலாம்! வாசப்படியைத் தாண்டினா காலை ஒடிச்சு வலது பக்கமும் நொண்டவெக்கிறேன்!"

ஓடுறான்யா! தகரத்தைத் தள்ளிட்டு ஓடுறான்! கூகா, அவளை மறிடா... அவளை இல்லடா, கரண்டியோட நிக்கிற இவளை! யாருய்யா பெஞ்சைக் கவுத்தது? தோலோ, தோலோ, பானையைப் பிடிங்கய்யா!